கழுத்தில் ஓடும் இரத்தத்தின் வேகம்

தாத்தாவின் ஒரு கை திடீரென மரத்துப்போகிறது, பேச்சு குளறுகிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. தைலம் தேய்த்துப் படுக்க வைத்தால் போதுமா? போதாது. இது தற்காலிகப் பக்கவாதமாக இருக்கலாம். பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த சில நாள்களில்தான் மிக அதிகம். அதனால்தான் மருத்துவர்கள் உடனே கழுத்தையும் சோதிக்கிறார்கள்.

ஏன் கழுத்து?

உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். ஆனால், இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடு அதற்குத் தேவை. அதில் பெரும்பகுதி கழுத்தின் இருபுறமும் உள்ள தமனிகள் வழியே செல்கிறது. தாடைக்குக் கீழே ஒவ்வொரு தமனியும் இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை மூளைக்கு, மற்றொன்று முகத்துக்கு. கிளைக்கும் இடத்தில் கொழுப்பு படியும். அங்கிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும்.

ஒலி எப்படிக் காட்டுகிறது?

நமக்குக் கேட்கும் ஒலியின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். இக்கருவியின் மீயொலி பல மில்லியன் ஹெர்ட்ஸ். கழுத்தில் ஜெல் தடவுவது காற்று இடைவெளியை நீக்கத்தான். தமனிச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி படமாகிறது.

ஓடும் இரத்த அணுக்களில் பட்ட ஒலியோ அதிர்வெண் மாறித் திரும்புகிறது. ஆம்புலன்ஸ் நெருங்கும்போதும் விலகும்போதும் சைரன் ஒலி மாறுவதைப் போன்றது இது. 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய விளைவு இதுவே. அந்த மாற்றத்திலிருந்து இரத்தத்தின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள்.

தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் பீறிடும் அல்லவா? தமனி குறுகிய இடத்திலும் இரத்தம் விரைகிறது. உச்ச வேகம் விநாடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு இருக்கலாம்; 230ஐத் தாண்டினால் 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாம். படத்தையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் மருந்தா, அறுவை சிகிச்சையா என முடிவெடுப்பார்.

இச்சோதனையில் ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. அதற்காக எல்லாருக்கும் இது தேவையில்லை. இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்துவதும், புகையை விடுவதும் எல்லாருக்கும் தேவை.

வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குளறினால் 999ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தோட்டப்புறத்திலிருந்து ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு வரும் நேரமும் அதில் அடக்கம்.

பயிற்சி: திசுவில் ஒலியின் வேகம் விநாடிக்கு 1,540 மீட்டர். தமனி 2 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகும்?

விடை: சுமார் 26 மைக்ரோவிநாடி. (ஒலி போய்வரும் தூரம் 4 சென்டிமீட்டர்.)