பங்கீட்டு அரிசியும் வாங்குவோர் விருப்பமும்

நுழையும்முன்

வறுமையில் வாடுவோருக்கு உணவு கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கின்றனர். அதைத் தானியமாகத் தருவதா, பணமாகத் தருவதா என்பதிலும், பெறுபவர் எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது எனத் தருபவர் விதிக்கலாமா என்பதிலுமே கருத்துகள் மாறுபடுகின்றன. சொந்த ஊரை விட்டு வேறு மாநிலத்தில் வாழும் குடும்பங்களுக்கு இவ்வினா மிக அருகிலுள்ளது.

பாடம்

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கட்டட வேலைக்காகத் தில்லிக்குச் சென்ற குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவனின் முதிய தாய் என ஐவர். அவர்களிடம் முன்னுரிமைக் குடும்ப அட்டை உண்டு. ஊரில் இருந்தவரை அந்த அட்டைக்கு அரிசி விலையின்றிக் கிடைத்தது. துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைத்தன.

'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் இணைந்தது. ஆகவே, தில்லியிலுள்ள நியாயவிலைக் கடையிலும் அக்குடும்பத்தினர் கைரேகை பதித்துத் தானியம் பெறலாம். ஆனால், நடுவண் அரசின் பங்கு மட்டுமே மாநில எல்லையைக் கடந்து வரும். தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து தரும் பருப்பும் எண்ணெயும் தமிழ்நாட்டுக்குள்ளேயே நின்றுவிடும். தில்லிக் கடையில் கிடைக்கும் தானியத்திலோ பெரும்பாலும் கோதுமைதான் மிகுதி. கேழ்வரகுக் களியும் சோறும் உண்டு வளர்ந்த பாட்டிக்குச் சப்பாத்தியை மெல்ல முடிவதில்லை. எனவே, குடும்பத் தலைவி கோதுமையில் ஒரு பகுதியைக் குறைந்த விலைக்கு விற்று, அப்பணத்தில் கொஞ்சம் அரிசி வாங்குகிறார். பங்கீட்டுப் பொருளை விற்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். மாமியாருக்குச் சோறு வேண்டும் என்பதும் தெரியும்.

'பங்கீடு' என்னும் சொல்லையே முதலில் நோக்கலாம். 'பங்கிடு' என்னும் வினையின் ஈற்றிலுள்ள 'இடு', 'ஈடு' என நீண்டு பெயராகியது. 'கெடு' 'கேடு' ஆவதும், 'சுடு' 'சூடு' ஆவதும் இவ்வாறே. இவற்றை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கணம் கூறும். பங்கிடுபவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர் என்பது அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. பெறுபவரின் விருப்பத்துக்கு அச்சொல்லில் இடமில்லை.

இந்தியாவில் இப்பங்கீட்டுக்குச் சட்ட உரிமை தந்தது 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஊரக மக்களில் 75 விழுக்காட்டினர் வரையிலும் நகர மக்களில் 50 விழுக்காட்டினர் வரையிலும் இதனால் பயன்பெறலாம். முன்னுரிமைக் குடும்பங்களில் ஆள் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியமும், மிக வறிய அந்தியோதயா குடும்பம் ஒன்றுக்கு 35 கிலோ தானியமும் உரியவை. தொடக்கத்தில் அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், சிறுதானியம் 1 ரூபாய் என விலை இருந்தது; 2023 சனவரி முதல் விலையின்றித் தரப்படுகிறது. வீட்டின் மூத்த பெண்ணே குடும்பத் தலைவராகக் கருதப்படுவார் என்றும் இச்சட்டம் கூறுகிறது. ஆனால், அந்தத் தலைவி தமக்குரிய தானியம் எது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லா இடங்களிலும் நடைமுறைக்கு வரவில்லை.

பெறுபவர் வாங்கும் பொருளுக்கு வரம்பு வேண்டும் என்போர் முன்வைக்கும் காரணங்களைப் புறந்தள்ள முடியாது. பொதுமக்கள் செலுத்தும் வரிப்பணம் பசி தீர்ப்பதற்கே பயன்பட வேண்டும் என்பது ஒன்று. பணமாகக் கொடுத்தால் மதுக்கடைக்குச் சென்றுவிடும் என்பது மற்றொன்று. சந்தையில் விலை ஏறினாலும் தட்டில் சோறு குறையாது என்பதே இவற்றுள் வலுவான காரணம். இவற்றோடு, உரக்கச் சொல்லப்படாத காரணம் ஒன்றும் உண்டு. உழவரிடமிருந்து ஆதரவு விலைக்கு வாங்கிய நெல்லும் கோதுமையும் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் குவிகின்றன. அவை எங்கேனும் சென்றுசேர வேண்டும் அல்லவா?

இதே கதையை வேறொரு நாட்டிலும் காணலாம். அமெரிக்காவில் உணவு வில்லைத் திட்டம் 1939 ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் தொடங்கியது. ஏழைகள் ஒரு டாலர் கொடுத்து ஆரஞ்சு நிற வில்லை வாங்கினால், அதனுடன் அரை டாலர் மதிப்புள்ள நீல நிற வில்லை இலவசமாகக் கிடைத்தது. ஆரஞ்சு வில்லைக்கு எந்த உணவையும் வாங்கலாம். நீல வில்லைக்கோ, தேவைக்கு மேல் விளைந்து தேங்கியவை என்று அரசு அறிவித்த பொருள்களை மட்டுமே வாங்கலாம். அந்த வரம்பு ஏழையின் நலனைக் காட்டிலும் பண்ணையாரின் நலனை நோக்கி விதிக்கப்பட்டதாகவே தோன்றுகிறது. இன்றைய அமெரிக்கத் திட்டத்தில் அட்டையைக் காட்டி மது, புகையிலை ஆகியவற்றை வாங்க முடியாது. கடையில் சூடாக விற்கும் உணவையும் வாங்க இயலாது. ஆறிப்போன பொரித்த கோழியை வாங்கலாம், சூடான கோழியை வாங்கக்கூடாது! இனிப்புக் குளிர்பானங்களையும் தடுக்க வேண்டும் என நியூயார்க் நகரம் 2010 இல் கேட்டபோது, நடுவண் வேளாண் துறை அடுத்த ஆண்டு மறுத்துவிட்டது. 2025 இல் அதே துறை நெப்ராஸ்கா முதலிய மாநிலங்களுக்கு அத்தகைய தடைக்கு இசைவளித்தது. இடைப்பட்ட காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்டன் வட்டாரத்தில் வேறொரு வழி சோதிக்கப்பட்டது. அங்கு எதையும் தடுக்கவில்லை. காய், கனி வாங்கச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் அட்டையிலேயே திரும்ப வரவு வைத்தனர். அச்சலுகை பெற்றவர்கள் மற்றவர்களைவிட 26 விழுக்காடு மிகுதியாகக் காய்கனி உண்டதாகக் கணக்கிடப்பட்டது.

மது பற்றிய அச்சத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு சோதனை உண்டு. 2011 ஆம் ஆண்டு மேற்குத் தில்லியின் ரகுபீர் நகரில் 100 ஏழைக் குடும்பங்களுக்குப் பங்கீட்டுப் பொருளுக்கு மாற்றாக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. சேவா என்னும் மகளிர் தொழிற்சங்கம் இச்சோதனையை முன்னின்று நடத்தியது. அவ்வீடுகளில் மதுச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. உணவும் குறையவில்லை. பருப்பு, பால், முட்டை போன்றவற்றுக்குச் சிறிது கூடுதலாகச் செலவிட்டனர். நூறு குடும்பங்களைக் கொண்டு நாட்டுக்கே விதி வகுக்க முடியாது என்பது மெய்தான். ஆயினும், உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா ஆகியோர் ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், உதவிப் பணம் மதுவிலும் புகையிலையிலும் கரைவதில்லை என்னும் முடிவுக்கே வந்தனர். ஏழையின் கையில் பணம் தங்காது என்னும் பேச்சு, ஏழையைப் பற்றி அறிந்து சொன்னதன்று.

அப்படியாயின், எல்லாவற்றையும் பணமாகவே கொடுத்துவிடலாமா? கர்நாடகத்தில் நடந்தது இதற்கு விடை சொல்லும். அம்மாநில அரசு ஆள் ஒருவருக்கு, சட்டப்படி உரிய 5 கிலோவுக்கு மேல் இன்னும் 5 கிலோ அரிசி தருவதாக உறுதியளித்திருந்தது. 2023 சூன் மாதம் நடுவண் கிடங்கிலிருந்து மாநிலங்களுக்கு அரிசி விற்பது நிறுத்தப்பட்டது. கூடுதல் அரிசி கிடைக்காததால், சூலை முதல் கிலோவுக்கு 34 ரூபாய் எனக் கணக்கிட்டு, ஆளுக்கு 170 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தினர். ஐவர் உள்ள வீட்டுக்கு மாதம் 850 ரூபாய்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரிசியாக வந்திருந்தால் அவ்வீட்டுக்கு 25 கிலோ. கடையில் அரிசி கிலோ 34 ரூபாய்க்கே கிடைத்தால் 850 ரூபாய்க்கும் அதே 25 கிலோ வரும். விலை 40 ரூபாய் என்றால் 21 கிலோவுக்குச் சற்று மேல். 50 ரூபாய் என்றால் 17 கிலோ மட்டுமே. பணம் மாறாமல் நிற்கும்போது விலை மட்டும் ஏறினால், அந்த ஏற்றத்தை முழுவதும் சுமப்பது அடுப்படிதான். தானியமாகத் தரும்போது அச்சுமை அரசின் தோளில் இருக்கிறது. மறுபுறம், அரிசி போதுமான அளவு உள்ள வீட்டில் அந்த 850 ரூபாய் பருப்பாகவும் மருந்தாகவும் மாறவும் கூடும். 2025 பிப்ரவரியில் பணம் நின்று மீண்டும் அரிசி வந்தது. அவ்வாண்டு அக்டோபரில், கூடுதல் அரிசிக்கு மாற்றாகப் பருப்பு, எண்ணெய், சர்க்கரை, உப்பு அடங்கிய பை ஒன்றைத் தருவதற்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கூடுதல் அரிசி வெளிச்சந்தைக்குச் செல்வதைத் தடுக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அரிசியை விற்றவர்களில் பலர், பருப்பும் எண்ணெயும் வாங்கவே விற்றிருப்பார்கள் என்று எண்ண இடமுண்டு.

பணமா, தானியமா என்று மக்களையே கேட்டவர்களும் உளர். பொருளியல் அறிஞர்கள் ஜீன் டிரீஸ், ரீத்திகா கேரா ஆகியோரின் வழிகாட்டலில் 2011 ஆம் ஆண்டு ஒன்பது மாநிலங்களில் ஊரகக் குடும்பங்களிடம் ஆய்வு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் தானியமே வேண்டும் என்றனர். நியாயவிலைக் கடை ஒழுங்காக இயங்கிய தமிழ்நாடு, சத்தீசுகர் போன்ற மாநிலங்களில் தானியத்தை விரும்பியோர் மிகப் பலர். கடை திறக்காத, அளவு குறைந்த பீகாரில் பணத்தை விரும்பியோர் மிகுதி. மக்களின் விடை கொள்கையிலிருந்து பிறக்கவில்லை. தெருக்கோடிக் கடையின் நடப்பிலிருந்து பிறந்தது.

ஆகவே, பணம் அல்லது அரிசி என்னும் இரண்டில் ஒன்றை வற்புறுத்துவதைவிட, கடைக்குள்ளேயே தேர்வை விரிப்பது நடைமுறைக்கு ஏற்றது. இதற்கு முன்மாதிரிகள் உள்ளன. தமிழ்நாட்டில் அரிசி அட்டை, அரிசிக்கு மாற்றாகக் கூடுதல் சர்க்கரை பெறும் அட்டை, பொருளே வேண்டாதோர் அட்டை எனப் பல வகை அட்டைகள் உண்டு. தமக்குப் பொருந்துவதைக் குடும்பத்தார் கேட்டுப் பெறலாம். கர்நாடகத்தின் தென்மாவட்டங்களில் கேழ்வரகும், வடமாவட்டங்களில் சோளமும் வழங்கப்பட்டுள்ளன. அந்தந்த மண்ணில் உண்பதையே கடையில் நிறுத்தும் நல்ல வழக்கம் அது. 2023 ஆம் ஆண்டு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசி அட்டைக்கு, அரிசியில் 2 கிலோவுக்கு மாற்றாகக் கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. இத்தகைய தேர்வுகளால் வரிப்பணம் உணவாகவே செலவாகிறது. விலையேற்றமும் குடும்பத்தைத் தாக்குவதில்லை. உண்பவரின் நாவும் உடலும் மதிக்கப்படுகின்றன.

இதில் கடினமான பகுதி, ஊர் விட்டு ஊர் சென்றவர்களைப் பற்றியது. அட்டை எல்லை கடக்கிறது, தேர்வு கடப்பதில்லை. தில்லியிலுள்ள அந்தக் குடும்பத் தலைவி கேட்பது பெரிதொன்றுமில்லை. ஐந்து பேருக்குரிய 25 கிலோவில் அரிசி எவ்வளவு, கோதுமை எவ்வளவு என்று கடைக்காரரிடம் தாமே சொல்ல வேண்டும், அவ்வளவே. அந்த அட்டைக்குத் தருமபுரியில் கேழ்வரகு உண்டு. ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தில்லியில், பாட்டி இன்னும் சப்பாத்தியைப் பாலில் ஊறவைத்துக்கொண்டிருக்கிறார்.

பயிற்சி

1. குடும்பத் தலைவி கோதுமையை விற்றது சரியா? அவர் சார்பில் ஐந்து வரிகளும், நியாயவிலைக் கடை அலுவலர் சார்பில் ஐந்து வரிகளும் எழுதுக.

2. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு 170 ரூபாய் கிடைக்கிறது. அரிசி கிலோ 40 ரூபாய் எனில் எத்தனை கிலோ வாங்கலாம்? அரிசியாகவே தந்திருந்தால் எத்தனை கிலோ கிடைத்திருக்கும்?

3. நீல வில்லைக்கும் ஆரஞ்சு வில்லைக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுக. அவற்றுள் எதை நும் வீட்டார் விரும்புவர்? ஏன்?

4. படு, விடு, பெறு ஆகிய வினைகளின் முதனிலை திரிந்த தொழிற்பெயர்களை எழுதி, ஒவ்வொன்றையும் சொந்தத் தொடரில் அமைக்க.

5. நும் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் பங்கீட்டுக் கடையில் எவை கிடைத்தன, எவற்றை விரும்பி வாங்கினார், எவற்றை வேண்டாமல் வாங்கினார் என்று கேட்டு ஒரு பக்க அளவில் எழுதி வருக.