எத்துறை நம் துறை?

ஆற்றில் மக்கள் இறங்கி நீராடும் இடத்திற்குத் துறை என்று பெயர். ஓடம் வந்து சேரும் இடமும் துறையே. கல்வியின் பிரிவுகளையும் துறை என்றே தமிழ் மக்கள் வழங்குகின்றனர். இப்பெயர்ப் பொருத்தம் எண்ணி மகிழத்தக்கது. ஆறு ஒன்றாயினும் அதன் துறைகள் பல; கல்வியும் அத்தகையதே. புதிய ஊருக்குச் சென்றவன் ஆற்றைக் கண்டவுடன் கண்ட இடத்தில் இறங்குவதில்லை. கரையோரமாக நடந்து, படியுள்ள இடம் யாது, சுழியுள்ள இடம் யாது என்று பார்த்த பின்னரே காலை வைக்கிறான். கல்லூரியின் வாயிலில் நிற்கும் மாணவர்க்கும் இந்நிதானம் வேண்டுமன்றோ?

நம் தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பிலேயே பாடப்பிரிவைத் தெரிந்துகொள்கிறோம். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதே இன்ன பாடம் வேண்டும் என்று எழுதுகிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வழக்கம் வேறு. அங்கே இளநிலைப் பட்டப் படிப்பு பெரும்பாலும் நான்கு ஆண்டுகள் நடைபெறும். தாம் சிறப்பாகக் கற்கவேண்டிய முதன்மைப் பாடத்தை அந்நாட்டார் ‘மேஜர்’ என்பர். அதனை முடிவு செய்யாமலே பல கல்லூரிகளில் சேரலாம். இரண்டாம் ஆண்டின் இறுதிக்குள் அதனை அறிவித்தல் வேண்டும் என்பது பல கல்லூரிகளில் உள்ள விதி.

இவ்வழக்கம் ஒரு நாளில் தோன்றியதன்று. முற்காலத்து அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்கம், இலத்தீன், கணிதம் முதலியவற்றையே பெரும்பாலும் எல்லா மாணவரும் ஒரே வரிசையில் கற்றனர். 1869 ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவரான சார்லஸ் எலியட் என்பார் இக்கட்டினைத் தளர்த்தினார். மாணவர் தாம் விரும்பிய பாடங்களைத் தாமே தெரிந்துகொள்ளலாம் என்னும் முறை அவர் காலத்தில் வளர்ந்தது. ஆயின் உரிமை மிகுந்த இடத்தில் குறையும் தோன்றியது. எளிய பாடங்களை மட்டும் பொறுக்கி எடுத்தாரும், தொடர்பற்ற பாடங்களை அங்கொன்று இங்கொன்றாய்க் கற்றாரும் உளராயினர். 1909 ஆம் ஆண்டில் எலியட்டுக்குப் பின் தலைமை ஏற்ற லாரன்ஸ் லோவெல் காலத்தில் இக்குறை திருத்தப்பெற்றது. ஒரு துறையில் சில பாடங்களை ஆழ்ந்து கற்றல் வேண்டும்; பிற துறைகளிலும் சிலவற்றை அகன்று கற்றல் வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. ஆழமும் அகலமும் இணைந்த இம்முறையே, துறை தேராத மாணவர்க்கும் கல்லூரியில் இடந்தந்தது. நம் நாட்டிலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2011 ஆம் ஆண்டில் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பில், தொடக்கப் பருவங்களில் பல அறிவியல்களையும் பொதுவாகக் கற்ற பின்னரே மாணவர் முதன்மைப் பாடத்தைத் தெரிந்தனர்.

இனி, துறை தேராமல் கல்லூரி புகுதலில் இடர் இல்லையோ எனின், உண்டு. சில படிப்புகள் படிக்கட்டுப் போன்றவை. பொறியியலில் முதற்பருவக் கணிதத்தை அறியாதார் அடுத்த பருவக் கணிதத்தைக் கற்றல் இயலாது. அக்கணிதம் அறியாதார்க்கு அதன் மேலுள்ள பாடங்கள் விளங்கா. ஆதலின் காலந்தாழ்த்திப் பொறியியலை நாடுவோர் நான்காண்டில் முடிக்க வேண்டியதை ஐந்தாண்டில் முடிக்க நேரலாம். ஓராண்டு மிகுந்தால் பெற்றோர் செலுத்தும் பொருளும் மிகும். கணினி அறிவியல் போன்று கூட்டம் மிகுந்த துறைகளில், பின்னர் வருவோர்க்கு இடம் உறுதி என்று சொல்வதற்கும் இல்லை. எனவே, முடிவு செய்யாத மாணவர் முதற்பருவத்திலேயே கணிதத்தையும், எத்துறைக்கும் வேண்டப்படும் எழுத்துப் பயிற்சியையும் மேற்கொள்ளுதல் அறிவுடைமை. பின்னர் எக்கதவைத் தட்டினாலும் அது திறக்க இவை துணையாகும். கல்லூரி தமக்கென அமர்த்தியுள்ள ஆலோசகரைத் தேடிச் சென்று ஐயம் நீங்கக் கேட்டலும் வேண்டும்.

துறையைக் கண்டுகொள்ளும் வகை யாது? ஒரு வரலாற்றால் விளக்குவோம். 1902 ஆம் ஆண்டில் பிறந்த பார்பரா மக்ளின்டாக் என்னும் அமெரிக்கப் பெண்மணி, 1919 ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். மகள் கல்லூரிக்குச் செல்வதில் அன்னைக்கு உடன்பாடில்லை; தந்தையின் ஆதரவால் படிப்புக் கைகூடியது. பார்பராவுக்கு அறிவியலில் நாட்டம் உண்டு. ஆயினும் இன்ன பிரிவு என்னும் உறுதி அப்போது இல்லை. பல பாடங்களில் சேர்ந்து பார்த்தார். தமக்கு ஒவ்வாதவற்றை இடையில் விட்டார். இசையும் பயின்றார், பான்ஜோ என்னும் நரம்புக் கருவியை ஒரு குழுவில் வாசித்தும் வந்தார். இவரைக் கண்டோர், ‘இப்பெண் எதிலும் நிலைத்து நில்லாள்’ என்று கருதியிருக்கவும் கூடும்.

1921 ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்தில் அவர் மரபியல் வகுப்பில் அமர்ந்தார். இளநிலை மாணவர்க்கென அங்கு இருந்த மரபியல் பாடம் அவ்வொன்றே. அதனை நடத்தியவர் ஹட்சிசன் என்னும் பேராசிரியர். மாணவியின் ஆர்வம் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. 1922 ஆம் ஆண்டு ஜனவரியில் பாடம் முடிந்தபோது, அவர் தொலைபேசியில் பார்பராவை அழைத்து, முதுநிலை மாணவர்க்குரிய மரபியல் வகுப்பிலும் வந்து சேருமாறு கூறினார். அவ்வழைப்பே தம் எதிர்காலத்தை முடிவு செய்தது என்று அவ்வம்மையார் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். அன்று இறங்கிய துறையை விட்டு அவர் பின்னர் நீங்கவே இல்லை. 1927 ஆம் ஆண்டில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றார். மக்காச்சோள மணிகளின் நிற வேறுபாட்டை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, மரபுக் கூறுகளுள் சில இடம்பெயரும் இயல்பின என்று கண்டார். அவ்வுண்மையை அறிவுலகம் முழுமையாக ஏற்கப் பல ஆண்டுகள் சென்றன. 1983 ஆம் ஆண்டில், தம் எண்பத்தொன்றாம் வயதில், அவர் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்று உண்டு. ஆசிரியர் அம்மாணவியை அழைத்தது ஏன்? வகுப்பில் அவர் காட்டிய முழு ஈடுபாட்டினால் அன்றோ! மனத்தை வேறெங்கோ வைத்து வகுப்பில் அமர்ந்திருப்பார்க்கு அப்பாடம் தம் இனிமையைக் காட்டாது. ஆசிரியர் கண்ணிலும் அவர் படார். பழத்தை நக்கிப் பார்த்துச் சுவை இல்லை என்பவன் அறியாதவன். கடித்து மென்று பார்த்தவனே சுவை கூறத் தக்கவன். துறை தேராதவர் எதையும் அரைகுறையாகக் கற்கலாம் என்பது பிழை. தேராதவரே எதையும் மும்முரமாகக் கற்றல் வேண்டும். அவர் தேடும் பாடம் எவ்வகுப்பில் காத்திருக்கிறது என்பதை அவர் அறியார் அல்லரோ?

மாணவர்காள்! நம் நாட்டில் பலர்க்குக் கல்லூரி புகுந்தபின் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இல்லை. ஆதலின் கரையோரம் நடந்து பார்க்கும் காலம் உங்களுக்கு இப்பள்ளிக் காலமே. நூலகத்தில் பாடநூலுக்கு அப்பாலும் படியுங்கள். கல்லூரியில் பயிலும் மூத்தோரைக் கண்டு, அவர் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அண்டை வீட்டார் சொல்லையோ தோழர் கூட்டத்தையோ மட்டும் பின்பற்றி முடிவு செய்யாதீர். எப்பாடத்தைப் படிக்கும்போது நேரம் போவது தெரியவில்லை என்பதை நீங்களே குறித்து வாருங்கள். ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்ல நாணாதீர். அவ்வாறு சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதற்கே நாணுங்கள். கையிலுள்ள பாடத்தை இன்று முழு மனத்துடன் கற்பீராயின், உமக்குரிய துறை உமக்குப் புலப்படும்; அத்துறையில் நீர் அச்சமின்றி இறங்கலாம்.