கைகளைக் கற்ற மருத்துவர்

நுழையும்முன்
மருத்துவராக வேண்டும் என்னும் விருப்பம் எல்லார்க்கும் இளமையிலேயே அரும்பிவிடுவதில்லை. மருத்துவத்தை அருவருத்து விலகிய ஒருவர், தச்சுப்பட்டறை வழியாக அதனிடமே வந்துசேர்ந்தார். அவர்தம் பணிக்குத் திசைகாட்டிய ஊர் செங்கல்பட்டு.

தச்சரும் மருத்துவரும்
பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தார். இங்கிலாந்திலிருந்து வந்த அவர்தம் பெற்றோர், மலைவாழ் மக்களிடையே சமயப் பணியோடு மருத்துவ உதவியும் செய்துவந்தனர். தந்தை புண்களைக் கழுவிக் கட்டுவதைக் கண்ட சிறுவனுக்குக் குருதியும் சீழும் வெறுப்பையே தந்தன. ஒன்பது வயதில் கல்விக்காக இங்கிலாந்து சென்ற அவர், பள்ளிப்படிப்பிற்குப்பின் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றார்.

பின்னர், அடிப்படை மருத்துவப் பயிற்சிக்காக இலண்டன் மருத்துவமனை ஒன்றில் இருந்தபோது, உயிர் பிரிந்துவிட்டதோ என ஐயுறும் நிலையில் இளம்பெண் ஒருத்தி கொண்டுவரப்பட்டாள். அவளுக்குக் குருதி செலுத்தப்பட்டது. வெளிறிய கன்னங்களில் நிறம் மீண்டது. கண்விழித்துத் தண்ணீர் கேட்டாள். தாம் அஞ்சிய குருதியே உயிரைத் திருப்பித் தருவதைக் கண்ட பிராண்ட், மருத்துவம் பயிலத் துணிந்தார். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார்.

திருமணியில் ஒரு கைப்பிடி
செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையை இராபர்ட் காக்ரேன் நடத்திவந்தார். 1947இல் அங்குச் சென்ற பிராண்ட், நோயாளிகளின் மடங்கிய விரல்களைக் கண்டு, இவற்றைச் சீராக்க என்ன செய்கிறீர்கள் என வினவினார். எலும்பு மருத்துவர் எவரும் இதனை ஆராய முன்வரவில்லை என்பதே காக்ரேனின் விடை.

அங்கிருந்த ஒருவரின் கைக்குள் தம் கையை வைத்து, இயன்றவரை அழுத்துமாறு பிராண்ட் கூறினார். மெல்லிய அசைவையே எதிர்பார்த்தவர் வலியால் துடித்தார். பயனற்றது எனக் கைவிடப்பட்ட அக்கையில் வலிமைமிக்க தசைகள் எஞ்சியிருந்தன! அவற்றின் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தினால் விரல்கள் மீண்டும் நிமிரக்கூடும். வேலூரில் அவ்வாறே அறுவை மருத்துவம் செய்து பலருடைய கைகளைச் சீராக்கினார்.

ஆயினும் ஒரு சிக்கல் எழுந்தது. திருந்திய கைகளைக் காட்டினால் பிச்சை கிடைப்பதில்லை என்று சிலர் முறையிட்டனர். நோய் நீங்கிய பின்னும் ஊர் அவர்களுக்கு வேலை தரவில்லை. கையைச் சீராக்கியதோடு தம் கடமை முடிந்தது என்று பிராண்ட் இருந்திருக்கலாம். அவர் அவ்வாறு இருக்கவில்லை. வேலூரில் மறுவாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கி, தாம் கற்ற தச்சுத்தொழிலை அவர்களுக்குப் பயிற்றுவித்தார்.

வலி என்னும் காவல்
ஒருநாள், துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை எளிதில் திருப்பினான். அவன் விரலிலிருந்து குருதி சொட்டியது. சாவி எலும்புவரை வெட்டியிருந்தும் அவன் அதனை உணரவில்லை. மாமல்லபுரத்துச் சிற்பி உளியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்பதை அவருடைய விரல்நுனியே அறிவிக்கிறது; அச்சிறுவனுக்கு அவ்வாறு அறிவிக்க எதுவுமில்லை.

அதன்பின், பட்டறையில் பணியாற்றியோரின் கைகளை நாள்தோறும் பார்த்து, ஒவ்வொரு காயமும் எதனால் நேர்ந்தது என ஆராய்ந்தார். சுத்தியலின் கைப்பிடி, சூடான பாத்திரம், உறக்கத்தில் கடித்த எலி எனக் காரணங்கள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்ற நெடுநாளைய நம்பிக்கை, அப்பட்டறையில் தகர்ந்தது.