மெயின் ஜெட் நம்பர் கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் செய்தியைப் பார்த்தேன். உன் பட்டறைக்கு வந்த 2014 மாடல் கிளாசிக் 350. கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய ஒன்றை மாட்டியிருக்கிறாய். ஆக்சிலேட்டரை விட்டால் பின்னால் படபடவென்று வெடிக்கிறது. "மெயின் ஜெட் எந்த நம்பர் போடலாம் அண்ணே?" என்று கேட்டிருக்கிறாய்.

நம்பர் சொல்ல மாட்டேன். நீ எழுதியிருக்கும் கோளாறுக்கும் மெயின் ஜெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மெயின் ஜெட்டுக்கு வேலை வருவது முக்கால் முறுக்குக்கு மேலேதான். முறுக்கை முழுக்க விட்ட வண்டிக்குப் பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட். பெரிய மெயின் ஜெட் போட்டிருந்தால் வெடிப்பு அப்படியே இருந்திருக்கும். மைலேஜ் மட்டும் போயிருக்கும். நாடி பிடிக்காமல் கசாயம் கொடுக்கிற வேலை அது.

கோளாறு எந்த முறுக்கில் வருகிறது என்பதை முதலில் கண்டுபிடி. கைப்பிடியின் ஓரத்திலும் பக்கத்து ஸ்விட்ச் பெட்டியிலும் வெள்ளை டேப் ஒட்டி, மூடியது, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போட்டுக்கொள். வண்டியை ஓட்டி, எந்தக் கோட்டில் மிஸ்ஸிங், எந்தக் கோட்டில் இழுவை இல்லை என்று பார்த்து எழுது. மூடியதிலிருந்து எட்டில் ஒரு பங்கு முறுக்கு வரை பைலட் ஜெட்டும் மிக்சர் ஸ்க்ரூவும். கால் முதல் முக்கால் வரை நீடில். அதற்கு மேல்தான் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் நிற்கும், ஆனாலும் இந்தக் கணக்கு உன்னைக் கைவிடாது. புல்லட்காரர் தினசரி ஓட்டத்தில் முக்காலைத் தாண்டுவதே அபூர்வம். 28 நியூட்டன் மீட்டர் இழுவை 4000 ஆர்பிஎம்மிலேயே உச்சத்துக்கு வந்துவிடுகிற வண்டி அது. அவர் காசு கொடுப்பது கால் முறுக்கிலும் அரை முறுக்கிலும் வண்டி சுகமாகப் போவதற்கு.

கார்புரேட்டருக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வெடிப்பு என்றால் எல்லாரும் லீன், அதாவது பெட்ரோல் பத்தவில்லை என்று சொல்லிவிடுவார்கள். பாதி நேரம் அது லீன் இல்லை, லீக். பெண்டு பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்றால், முறுக்கை விட்டதும் பைப்புக்குள் அழுத்தம் குறைந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். எரியாமல் வந்த பெட்ரோல் ஆவி அந்தக் காற்றோடு சேர்ந்து சூட்டில் பற்றிக்கொள்ளும். நீ கேட்கும் படபட அதுதான். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பைப் சூடேறுவதற்குள் ஜாயிண்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார். குமிழி வந்தால் ஜெட் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போட்டாயா? ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட் இரண்டாம் முறை அடைக்காது. மாட்டுகிற வரிசையும் முக்கியம். எல்லா நட்டு போல்ட்டையும் முதலில் கையால் தளர்வாக ஏற்றிவிட்டு, ஹெட் பக்கத்து நட்டுகளை மாறி மாறி இறுக்கு. பிறகு நடு கிளாம்பு. பின் பிராக்கெட் கடைசி. பின்னாலிருந்து இறுக்கிக்கொண்டு வந்தால் பைப் வலிந்து நிற்கும். லீக்கும் வரும், கொஞ்ச நாளில் பிராக்கெட்டும் விரிசல் விடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஹெட் ஸ்டட்டில் ஸ்பானர் வைக்காதே. அலுமினிய ஹெட்டில் ஸ்டட் முறிந்தால் சைலன்சர் விலையைவிட அந்தச் செலவு பெரிசு. ஸ்டார்ட் செய்யுமுன் குரோம் மேல் பட்ட கிரீஸ் விரல் ரேகையை நன்றாகத் துடைத்துவிடு. சூட்டில் அது அப்படியே வெந்து நின்றுவிடும்.

அடுத்தது உன் மாடலுக்கே உரியது. ஹெட்டிலிருந்து ஒரு ரப்பர் குழாய் போய் ஒரு சிறு டப்பாவில் சேருகிறதே, அது பிஏவி. புகையைச் சுத்தமாக்க எக்சாஸ்ட் வாய்க்கு வேண்டுமென்றே புதுக்காற்று கொடுப்பது அதன் வேலை. அந்தக் காற்றால் வந்து, கம்பெனி சைலன்சரின் அறைகளுக்குள் அமுங்கிப்போன சின்ன வெடிப்பு, திறந்த சைலன்சரில் வெளியே கேட்கும். அந்தக் குழாயைக் கழற்றி அடைத்துவிடு என்று பலர் சொல்வார்கள். புகை அளவுக்காக வைத்த உறுப்பு அது. நான் அடைக்க மாட்டேன். அது சரியாக மூடித் திறக்கிறதா, குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். எப்போதாவது ஒரு மெல்லிய படபட வந்தால் அதைக் கோளாறு என்றே எண்ணாதே. வண்டிக்காரருக்கு விளக்கிச் சொல்.

லீக் இல்லை, பிஏவியும் சரி என்றால் இப்போது கார்புரேட்டர். இந்த வண்டியில் இருப்பது பிஎஸ் 29. (பாரத் ஸ்டேஜ் பிஎஸ் வேறு, இந்த பிஎஸ் வேறு, சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே.) பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டின் விஎம் 24-ல் வேலை பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். விஎம்மில் அந்தச் சின்ன ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும்; அது அளப்பது காற்றை. உள்ளே திருகினால் ரிச், அதாவது கலவையில் பெட்ரோல் பங்கு கூடும். பிஎஸ் 29-ல் எஞ்சின் பக்கம் இருக்கும். அது அளப்பது பெட்ரோல் கலவையை. வெளியே திருகினால்தான் ரிச். ஒன்றுக்கு மற்றதைச் செய்துவிட்டு, "எவ்வளவு ரிச் பண்ணியும் வெடிக்குது" என்று வந்து நிற்பவர்கள் அதிகம்.

இன்னொரு வித்தியாசம்: விஎம்மில் உன் கை ஸ்லைடையே தூக்குகிறது. பிஎஸ் 29-ல் நீ முறுக்குவது பட்டர்ஃபிளையை மட்டும். ஸ்லைடைத் தூக்குவது எஞ்சினின் உறிஞ்சல், ஒரு ரப்பர் டயாஃப்ரம் வழியாக. அந்த ரப்பரை வெளிச்சத்துக்கு நேரே நீட்டிப் பார். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஸ்லைடு சோம்பும், வண்டி இழுக்காது. நீ ஜெட் மாற்றி மாற்றி அலுத்துப்போவாய். திரும்ப மூடும்போது அதன் விளிம்பு காடியில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்.

டியூனிங் சூடான எஞ்சினில்தான். ஸ்டாண்டில் போட்டு ரேசிங் விட்டுச் சூடேற்றாதே, காற்றில் ஆறுகிற எஞ்சின் அது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வா. மிக்சர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டியது என்று எழுதிவை. பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கால் சுற்று கால் சுற்றாகத் திறந்துகொண்டே போ. ஐடிலிங் ஏறி, ஒரு கட்டத்தில் ஏறுவது நிற்கும். அங்கே நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவால் 1000 ஆர்பிஎம் சுமாருக்கு இறக்கு. ஒரு ரேசிங் விட்டுப் பார். ஆர்பிஎம் உடனே இறங்காமல் தொங்கினால் இன்னும் லீன். இறங்கி அணையப் பார்த்தால் ரிச். முட்டிய இடத்திலிருந்து மூன்று சுற்றுக்கு மேல் திறந்தும் தீரவில்லை என்றால்தான் பைலட் ஜெட் ஒரு நம்பர் கூட்டு.

நடு முறுக்கில் இழுவை இல்லை என்றால், அதே முறுக்கில் ஓடும்போது சோக்கை லேசாகப் போட்டுப் பார். வண்டி தெளிந்தால் லீன். இன்னும் மோசமானால் ரிச். லீன் என்றால் நீடிலைத் தூக்க வேண்டும். காடிகள் இருந்தால் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கு, நீடில் மேலே வரும். ஒரே காடி என்றால் கிளிப்புக்கு அடியில் மெல்லிய வாசர் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மாற்றியதும் ஓட்டிப் பார்த்து எழுது. ஜெட்டுக்குள் வயர் விட்டுக் குத்தாதே. துளை கீறிப் பெரிதானால் மேலே இருக்கிற நம்பர் பொய்யாகிவிடும்.

சைலன்சரை மட்டுமே குற்றம் சொல்லவும் வேண்டாம். பெட்ரோல் முழுசாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று போதும். 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு 13.5-க்கு அருகே. அதாவது அதே காற்றுக்கு ஏறக்குறைய 9 விழுக்காடு எரிபொருள் அதிகம் வேண்டும். 2014-ல் வண்டி வெளியே வந்தபோது பம்பில் இருந்த பெட்ரோல் வேறு. கம்பெனி ஜெட்டோடும் கம்பெனி சைலன்சரோடும் இருக்கிற வண்டியே இன்று கொஞ்சம் லீனாகத்தான் ஓடுகிறது. உன் சைலன்சர் அதன் மேல் இன்னொரு சுமை.

நீ கோவையில் டியூன் செய்கிறாய், வண்டிக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்கு ஏறுகிறார். 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிஎஸ் 29 ஓரளவு தானே சமாளிக்கும், முழுக்க அல்ல. கீழேயே ரிச்சாக வைத்துவிட்டால் குன்னூரைத் தாண்டும்போது கரும்புகை கக்கும். எப்போதும் "சரி" என்பதன் லீன் பக்கத்து ஓரத்தில் நிறுத்து.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சத்தம் கூடினால் பிக்கப் கூடியது போலத் தோன்றும். வண்டிக்காரருக்கும் தோன்றும், உனக்கும் தோன்றும். உள்ளே இருக்கிற தடுப்பைப் பிடுங்கிவிட்டுக் கேட்டால் இன்னும் அதிகமாகத் தோன்றும். உண்மையில் கீழ் ஆர்பிஎம் இழுவை பெரும்பாலும் குறைந்திருக்கும். இந்த அளவு எஞ்சினுக்குப் புது வண்டியில் அனுமதித்த சத்தம் 80 டெசிபல். மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதம் லைசென்சும் போகும். பிடித்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றும் படங்களை நீயும் பார்த்திருப்பாய். தடுப்பை எடுக்கச் சொல்பவரைத் திருப்பி அனுப்பு. கழற்றிய கம்பெனி சைலன்சரைச் சாக்கில் சுற்றி அவரிடமே கொடு. பழைய இரும்புக்குப் போட விடாதே.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை வரச் சொல்லி, ஆறிய எஞ்சினில் ஹெட் பக்கத்து பைப் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கு. அதற்குக் கூலி வாங்காதே.

இதையெல்லாம் பார்த்த பிறகும் முழு முறுக்கில் குறை இருந்தால், அப்போது மெயின் ஜெட் பேசுவோம். புது பிளக் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் மூன்றாம் கியரில் முழு முறுக்கில் ஓட்டி, கிளட்சைப் பிடித்தபடியே கில் ஸ்விட்சைத் தட்டி ஓரங்கட்டு. பிளக்கைக் கழற்றிப் பீங்கானின் அடிவாரத்து வளையத்தைப் பார். பழைய ஆட்கள் சொல்கிற பிஸ்கட் கலரை மேலே தேடாதே. 2000-த்தில் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்த பிறகு அந்தக் கலர் அவ்வளவு தெளிவாக வருவதில்லை. போட்டோவை வெயிலில் எடுத்து அனுப்பு. உன் பட்டறை டியூப் லைட்டில் எந்தப் பிளக்கும் வெள்ளையாகத்தான் தெரியும்.

அன்புடன்,
அண்ணன்