வரிமீன் முட்டையும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் நிலத்தடி நீரே கதி. மண்ணின்கீழ் உள்ள சுண்ணக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு என்பதற்கு நிலாவரைக் கிணறே சான்றாகும். ஆதலின் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தெளிக்கும் நஞ்சின் ஒரு பகுதி மழை நீருடன் கிணற்றை அடையக்கூடும்.

அந்நீரின் நிறமும் சுவையும் மாறாதிருக்கலாம். அதைக் குடித்த மாடும் நோயின்றி நிற்கலாம். எனினும், வளர்ந்த உயிர் தாங்கும் சிற்றளவு நஞ்சு கருவிலுள்ள உயிரைப் பாதிக்கலாம். இதனை ஆராய்வதற்கு விஞ்ஞானிகள் வரிமீனைப் பயன்படுத்துகின்றனர்.

வரிமீன் என்பது கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் நெல்வயல்களிலும் வாழும் சிறு மீன். பிரான்சிஸ் ஹமில்டன் என்பவர் 1822இல் இதனை விவரித்தெழுதினார். இதன் முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்வது, கண்ணாடிபோல் தெளிந்தது. ஏறக்குறைய 28 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு நாளளவில் இதயம் துடிக்கத் தொடங்கும். மூன்றாம் நாளளவில் குஞ்சு வெளிவரும். இவை யாவற்றையும் நுணுக்குக்காட்டியிற் காணலாம்.

பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனம் 2013இல் வகுத்த முறைப்படி, வெவ்வேறு அளவு நஞ்சு கலந்த நீரில் முட்டைகளை இட்டு 96 மணிநேரம் அவதானிப்பர். முட்டை திரைகின்றதா, உடற்கண்டங்கள் தோன்றுகின்றனவா, வால் பிரிகின்றதா, இதயம் துடிக்கின்றதா என நோக்குவர்.

இறவாது பிழைத்த குஞ்சும் நலமுற்றதெனக் கொள்ளலாகாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. முதல் ஐந்து நாட்கள் குளோபைரிபொஸ் என்னும் பூச்சிநாசினி கலந்த நீரில் இருந்த மீன்கள், வளர்ந்த பின்னரும் இடமறிந்து கற்பதிற் பின்தங்கின. மீனும் மனிதரும் ஒன்றல்லர். ஆயினும் மனிதரின் மரபணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இம்மீனில் ஒப்பானவை உண்டு. ஆகவே இவ்வெச்சரிக்கையைப் புறக்கணித்தலாகாது.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை:

1. சுட்டுத்துண்டிற் குறித்த அளவுக்கு மேல் நஞ்சு கலக்கலாகாது.
2. தெளிகருவியைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவலாகாது. கழுவிய நீரைத் தெளித்த பயிருக்கே தெளித்துவிடுக.
3. மழை வருங்குறி தோன்றின் தெளித்தலை ஒத்திவைக்குக.
4. வெறும் போத்தலை மும்முறை கழுவித் துளையிடுக. கிணற்றிலோ குளத்திலோ எறியலாகாது.
5. கர்ப்பிணிகளை நஞ்சு கலக்கவோ தெளிக்கவோ விடலாகாது.

ஐயமுள்ளோர் தெளிக்குமுன் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கலந்தாலோசிக்குக.