வைஃபை மாட்டப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, வீடு வீடாகப் போய் வைஃபை மாட்டிக் கொடுக்கும் வேலையில் இறங்கிவிட்டாய். தொழில் செய்யச் செய்ய வந்துவிடும். குணத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்.

1. முதலில் காது கொடு. ‘நெட் வரல’ என்றதும் செட்டிங்ஸில் கை வைக்காதே. எந்த அறையில், எந்த நேரத்தில் என்று விசாரி. ஒரு வீட்டில் அடிக்கடி நெட் அறுந்தது. ‘சாப்பாடு சூடு பண்றப்பதான் போகுது’ என்றார் அந்த வீட்டுப் பாட்டி. மைக்ரோவேவ் அடுப்பும் ரூட்டரும் ஒரே அலமாரியில் இருந்தன. இரண்டுக்கும் ஏறக்குறைய அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைதான். ரூட்டரைக் கூடத்துக்கு மாற்றினோம்; தீர்ந்தது.

2. பதறாத காரியம் சிதறாது. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் கோளாறு ஃபைபர் லைனில். எரியவில்லையா, லேப்டாப்பில் லேன் கேபிளைச் சொருகிப் பார். அதில் நெட் வந்தால் வைஃபையைக் கவனி. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சானல்கள் ஒன்றோடொன்று மோதாதவை. நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடு. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. நாலையும் சேர்த்து மாற்றினால், எது தீர்த்தது என்று உனக்கே தெரியாது.

3. அவசரத்தில் அரைகுறையாக விட்டு வராதே. ரூட்டரின் ‘அட்மின்’ பாஸ்வேர்டை மாற்றிவிட்டே எழுந்திரு. 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் வளைத்துப் போட்டது, மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளால்தான்.

4. கற்பதை நிறுத்தாதே. நேற்றைய பூட்டு இன்றைக்கு உதவாது. வைஃபையின் பழைய டபிள்யூஇபி பூட்டை 2001-லேயே உடைத்துவிட்டார்கள். டபிள்யூபிஏ2-க்குக் கீழே இறங்காதே. டபிள்யூபிஏ3 இருந்தால் அதையே வை. டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடு. அதன் 8 இலக்க ‘பின்’ எண்ணை 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளியானது. ஃபர்ம்வேர் அப்டேட்டையும் பார்த்துவிட்டு வா.

5. நாணயமாக இரு. பாஸ்வேர்டு வீட்டுக்காரருடையது, அவர் கையாலேயே அடிக்கச் சொல், நீ முகத்தைத் திருப்பிக்கொள். மறதி உள்ள பெரியவர் என்றால், நீளமாக ஒன்று வைத்து, தாளில் எழுதி பீரோவில் வைக்கச் சொல். வந்து போகிறவர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க் போட்டுக் கொடு. வேலை முடிந்ததும் சோதிக்க உன் போனில் சேமித்த வைஃபை இணைப்பை அவர் கண்ணெதிரே அழி.

6. தெரியாததைத் தெரியாது என்று சொல். பார்த்துவிட்டு நாளை வருகிறேன் என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். சொன்னபடி மறுநாள் போய் நில், கண்ணு. ஊரில் உன் பெயர் அப்படித்தான் நிலைக்கும்.