கமத்துக்கு ஏற்ற நாயைத் தெரிவு செய்தல்

விளைபயிரைக் காப்பதற்கு வேலியும் பரணும் போதாதவிடத்துக் கமக்காரர் நாயின் துணையை நாடுவர். இரவில் வயலை நெருங்கும் காட்டுப்பன்றியின் வரவை மனிதர் உணருமுன் நாயின் மூக்கும் செவியும் உணர்ந்துவிடும். எனினும், எல்லா நாய்களும் ஒரே தொழிலுக்கு உரியன அல்ல. மாடு வாங்கும்போது உழவுக்கா, பாலுக்கா என்று ஆராயும் கமக்காரர், நாய் வாங்கும்போது மட்டும் பெயரையும் தோற்றத்தையும் கண்டு மயங்குவதுண்டு. தகாத நாய் தீனிக்கும் மருந்துக்கும் செலவு வைப்பதோடு, அயலவரைக் கடித்து வழக்கையும் கொண்டுவரும்.

இனமும் தொழிலும்

நாயினங்கள் பல, ஒவ்வொரு தொழிலுக்கெனத் தெரிந்தெடுத்துப் பெருக்கப்பட்டவை. அவற்றைப் பின்வருமாறு வகுக்கலாம்.

1. மேய்ப்பு நாய்கள்: பிரித்தானியாவின் போடர் கொலி இவ்வகையினது. மந்தையைச் சுற்றியோடி ஒன்றுசேர்ப்பது இதன் இயல்பு. 1873 இல் வேல்ஸ் நாட்டின் பாலா என்னும் ஊரில் மேய்ப்பு நாய்களுக்குப் போட்டி நடத்தப்பட்டது. இத்தகைய போட்டிகளில் நாயின் அழகு கணிக்கப்படுவதில்லை. மந்தையை நடத்தும் திறமையே கணிக்கப்படும். மந்தையில்லாத தோட்டத்தில் இந்நாய் ஓய்ந்திராது. கோழிகளைத் துரத்தும், பாத்திகளைக் கிளறும்.

2. காவல் நாய்கள்: அல்சேஷன் எனப்படும் ஜேர்மன் மேய்ப்பு நாய் இவற்றுள் பெயர் பெற்றது. 1899 இல் ஜேர்மனியில் இதற்கெனச் சங்கம் அமைக்கப்பட்டது. மோப்பம் பிடித்தல், கட்டளைக்குப் பணிதல், காவல் புரிதல் ஆகிய மூன்றிலும் இதனைச் சோதிக்கும் போட்டிகள் உள. ஆயினும் அடர்ந்த மயிருடைய இந்நாய்க்கு எமது வெப்பம் தொல்லை தரும். இடுப்பு மூட்டுக் குறைபாடும் இவ்வினத்திற் பரம்பரையாகக் காணப்படுகின்றது.

3. வேட்டை நாய்கள்: தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை நாய் கண்ணாற் கண்டதை விரைந்து துரத்தும் வகை. வெப்பத்தைத் தாங்கும். ஆனால் துரத்தத் தொடங்கினால் அழைப்புக்குத் திரும்புவது அரிது.

4. டெரியர் வகைகள்: உருவிற் சிறியன. எலி பிடிப்பதிற் கெட்டிக்காரர். நெற்களஞ்சியத்துக்கும் வீட்டு வளவுக்கும் ஏற்றன. நிலத்தைத் தோண்டும் பழக்கம் இவற்றுக்குண்டு.

5. நாட்டு நாய்: குட்டை மயிரும் இலேசான உடலும் கொண்டது, எமது காலநிலைக்குப் பழகியது. அந்நியர் வரவைக் குரைத்து அறிவிப்பதில் வல்லது. தீனிச் செலவும் குறைவு.

எதனைத் தெரிவு செய்வது?

வயற்காவலுக்கு வேண்டியது குரைத்து அறிவிக்கும் நாயேயன்றிப் பாய்ந்து கடிக்கும் நாயன்று. காட்டுப்பன்றியின் கொம்பு நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். முள்ளம்பன்றியின் முட்கள் அதன் முகத்திலும் வாயிலும் தைத்துவிடும். யானை நடமாடும் இடங்களில் நாயை அவிழ்த்துவிடலாகாது. வெருண்ட நாய் எசமானிடமே ஓடிவரும். யானையும் அதனைப் பின்தொடரக்கூடும். ஆகவே பெரும்பாலான கமக்காரருக்கு நன்கு பழக்கப்பட்ட நாட்டு நாயே போதுமானது. வெளிநாட்டு இனத்தை விரும்புவோர் நிழல், குளிர்ந்த நீர், நாள்தோறும் பயிற்சி ஆகியவற்றைத் தம்மால் அளிக்க இயலுமா என்று முதலில் எண்ணிப்பார்த்தல் வேண்டும். நாய் மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே பெரும்பாலும் வெப்பத்தைத் தணிக்கின்றது.

குட்டியைப் பார்த்து எடுத்தல்

எட்டு வாரம் நிரம்புமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் ஆகாது. இயலுமாயின் தாயையும் தந்தையையும் நேரிற் பார்த்தல் நன்று. தாய் அளவுக்கு மிஞ்சிய அச்சமோ மூர்க்கமோ உடையதாயின் அக்குட்டியைத் தவிர்க்கவும். கண் தெளிந்து, மூக்கிற் சளியின்றி, மயிர் பளபளத்து இருத்தல் வேண்டும். கைதட்டினால் திடுக்கிட்டபோதிலும் சிறிது நேரத்தில் அணுகி வரும் குட்டி நல்லது. மூலையில் ஒடுங்கியே கிடப்பதும், எதனையும் கடித்துப் பாய்வதும் விலக்கத்தக்கன.

பழக்குதல்

முதல் மூன்று, நான்கு மாதங்களிற் காண்பனவற்றையே நாய் பிற்காலத்தில் இயல்பானவை எனக் கொள்ளும். எனவே பிள்ளைகள், ஆடு மாடுகள், கோழிகள், உழவு இயந்திரத்தின் ஓசை ஆகியவற்றை அக்காலத்திலேயே பழக்குதல் வேண்டும். அழைத்தவுடன் வருதல், இருத்தல், கோழியைத் தீண்டாதிருத்தல் ஆகிய மூன்றும் போதிய பாடங்கள். சரியாகச் செய்தவுடன் சிறிது உணவு கொடுத்துப் பாராட்டுக. அடித்துப் பழக்கிய நாய் அஞ்சும். அஞ்சிய நாய் கடிக்கும். பகல் முழுவதும் சங்கிலியிற் கட்டிவைப்பதாலும் மூர்க்கம் வளரும்.

தோட்டத்திலுள்ள ஆபத்துகள்

வெங்காயம் பயிரிடுவோர் ஒன்றை மறத்தலாகாது. பச்சையாயினும் சமைத்ததாயினும் வெங்காயம் நாயின் குருதிச் செங்கலங்களைச் சிதைக்கும். கழிவு வெங்காயத்தை நாய் தின்னாதவாறு புதைத்துவிடுக. எலிக்கு வைக்கும் சிங்கு பொசுபைட்டு நஞ்சு நாயையும் கொல்லும். நஞ்சு வைத்த வரம்புகளில் நாயை விடாதீர்கள். எலிக்காய்ச்சற் கிருமி நாயின் சிறுநீரிலும் வெளிப்படக்கூடுமாதலால், கிணற்றடியை நாய் அசுத்தப்படுத்தாமற் காத்தல் வேண்டும்.

விசர்நாய்க்கடி நோய்

இந்நோய் எல்லாவற்றினும் கொடியது. அறிகுறி தோன்றியபின் பிழைத்தல் மிக அரிது. ஆனால் முற்றாகத் தடுக்கத்தக்கது. மிருக வைத்தியர் கூறும் வயதிற் குட்டிக்குத் தடுப்பூசி ஏற்றி, ஆண்டுதோறும் திரும்பவும் ஏற்றுதல் வேண்டும். எந்த நாயாவது கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவியபின், தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. காயத்தில் சுண்ணாம்போ மிளகாயோ பூசுதல் கூடாது. கடித்தது வீட்டு நாய்தானே என்று வாளாவிருத்தலும் கூடாது.

வேண்டாத குட்டிகள் தெருநாய்களாகி இந்நோயைப் பரப்பும். இனப்பெருக்கம் வேண்டாதோர் நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தல் நன்று.

சுருங்கக் கூறின், முதலில் தொழிலைத் தீர்மானிக்கவும், அதற்குரிய நாயைத் தேடவும், தடுப்பூசியைத் தவறவிடாதிருக்கவும். இம்மூன்றையும் கைக்கொள்ளும் கமக்காரரின் பயிருக்கும் குடும்பத்துக்கும் நாய் நல்ல காவலாகும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தை அணுகுவாராக.